வாசகர் கேள்வி: பழைய வீட்டுக்குப் புதுப் பெயர்ப்பலகை

கேள்வி: புளியந்தீவில் எங்கள் அப்பப்பாவின் பழைய வீட்டை வாசிகசாலையாக்கி ஊருக்குக் கொடுத்திருக்கிறோம். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் பெயர்ப்பலகை போட்டுத் தருவதாகச் சொல்லி வரைபடமும் அனுப்பிவிட்டார். விறாந்தைத் தூண்களுக்கு மேலே 12 அடி நீளம், 4 அடி உயரத்தில் உள்ளே லைட் எரியும் பிளெக்ஸ் போர்ட். 'ஒல்லாந்தர் கட்டிய இல்லம், 1638' என்ற எழுத்து, ஓரத்தில் அவருடைய படம். குழுவில் பாதிப் பேருக்கு விருப்பம், பாதிப் பேருக்கு இல்லை. வரைபடத்தை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: பார்த்தேன், மகள். விருப்பமில்லாத பாதியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெருவில் போகிறவர் கண்ணில் அந்த வீட்டில் முதலில் படுவது தூண் வரிசையும் அதன்மேல் இறங்கி நிற்கும் ஓட்டுக் கூரையும்தான். போர்ட் சரியாக அந்த இரண்டையும்தான் மறைக்கிறது.

மறுகா, அதை எதில் மாட்டப்போகிறார்கள்? செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புச் சாந்து. வாவிக் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பு போல்ட் துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் சுற்றியுள்ள சாந்தைத் தள்ளி உடைக்கும். நான் கட்டட மேற்பார்வையில் இருந்த காலத்தில் ஒரு பழைய பங்களாவில் போர்டைக் கழற்றினோம். நாலு மூலையிலும் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. யாரோ அவசரத்தில் சீமெந்தால் அடைத்தார்கள். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. அடுத்த மாரி முடியுமுன்னே பக்கத்துச் சாந்தும் பொருமி விழுந்தது.

ஆகவே சுவரைத் தொடாதீர்கள். வளவுக்குள், படலைக்கு ஒரு பக்கமாக, இரண்டு முதிரைக் கால் நட்டுப் பலகை வையுங்கள். சுவரில்தான் வேண்டும் என்று குழு அடம்பிடித்தால், துருவேறா எஃகுத் திருகாணி போடுங்கள். அதுவும் கல்லில் அல்ல, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஓடும் சாந்தில். பிறகு கழற்ற நேர்ந்தாலும் சுண்ணாம்பால் அடைத்துவிடலாம், கல் தப்பும்.

எழுத்தின் அளவுக்குப் பலகைக்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குலம். எதிர்ப்பக்க நடைபாதை 30 அடி என்றால் 3 அங்குலம் போதும். தமிழில் 'ணை', 'ஞ' எல்லாம் நெருக்கமான எழுத்துகள், 4 ஆக வையுங்கள். வரைபடத்தில் 14 அங்குலம் போட்டிருக்கிறார்கள். கல்லடிப் பாலத்தில் பஸ்ஸில் போகிறவருக்கா வாசிகசாலை? மூன்று மொழியும் ஒரே அளவில் இருக்கட்டும். சிங்கள வரியை அச்சுக்குக் கொடுக்குமுன் சிங்களம் பேசி வளர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். அரசாங்கப் போர்டுகளில் தமிழ் படும் பாட்டை நாம் பார்த்துச் சிரிக்கிறோமல்லவா, அதை அவர்களுக்குச் செய்யக்கூடாது.

எனக்குப் பெரிய குறை அந்த 1638தான். அது மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்த ஆண்டு. அதைப் போர்த்துக்கேயர் கட்டியதே 1628இல். கோட்டையின் ஆண்டைத் தூக்கி வீட்டில் ஒட்டிவிட்டார்கள். தூண் வைத்த விறாந்தையைக் கண்டால் ஒல்லாந்தர் வீடு என்பது நம் ஊர்ப் பழக்கம். 1795இல் பிரித்தானியர் வந்த பிறகும் அந்த மாதிரி வீடுகள் கட்டப்பட்டன. பழைய காணி உறுதிப் பத்திரத்தைத் தேடுங்கள், காணிப் பதிவகத்திலும் பாருங்கள். ஆண்டு அகப்படாவிட்டால் போடாமலே விடுங்கள். அப்பப்பாவின் பெயரும் அவர் செய்த தொழிலும் எழுதினால் வாசிக்கிறவருக்கு அது போதும்.

வீடு பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக வர்த்தமானியில் வந்திருக்கிறதா என்று தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள். வந்திருந்தால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் அதில் மாற்றம் எதுவும் செய்ய முடியாது. வராவிட்டாலும் மாநகர சபையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உறவினரின் படம்? கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயம் எழுதுகிறவர்கள் நாங்கள், அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. விறாந்தைக்குள் கையகலப் பித்தளைத் தகடொன்றில் பெயரைப் பொறித்து வையுங்கள். மனம் நோகாது.

கேள்வி: எங்கள் கடைச் சுவரில் பழைய சுண்ணாம்பு உரிந்து, அந்தக் காலத்துப் புடைவைக் கடையின் பெயர் தெரிகிறது. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடிக்கட்டுமா?
- வாசகர், கல்முனை

பதில்: சுரண்டாதீர்கள் தம்பி. கம்பித் தூரிகையும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் பெயர்ப்பலகையைக் கதவுக்கு மறுபக்கத்தில் மாட்டுங்கள். வெயில் நேராக விழும் சுவரென்றால் மேலே ஒரு சிறு தகரச் சாய்ப்பு இறக்கலாம்.