மாதவரம் வெயிலில் கிளாடியோலஸும் டேலியாவும் வருமா?

சென்னை மாதவரத்தில் காலி மனையில் கிளாடியோலஸ், டேலியா பூச்செடிகள் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும், ஆனால் அடைமழை முடியட்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். எங்கள் குடும்பத் தோட்டத்தில் ஒருமுறை அவசரப்பட்டு, முழுப் பாத்தியையும் தோண்டிக் கொட்டினோம்.

கார்த்திகைக் கடைசியில் மேட்டுப்பாத்தியில் கிளாடியோலஸ் கிழங்கை 4 அங்குல ஆழத்தில் நட்டால் சுமார் 80 நாளில் பூக்கதிர் வரும். அடிப்பூ இரண்டு நிறம் காட்டியதும் வெட்டுங்கள். மற்றவை ஜாடித் தண்ணீரில் ஒவ்வொன்றாக மேல்நோக்கி விரியும். அந்த வேடிக்கைக்காகவே வளர்க்கலாம்.

டேலியா செல்லப்பிள்ளை. மெக்சிகோ மலைச்செடி, பங்குனி வெயிலில் சுருண்டுவிடும். அதற்குள் பூத்துவிட வேண்டும், அதனால் கிழங்காக இல்லாமல் வளர்ந்த நாற்றாக வாங்குங்கள். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும். அப்புறம், குச்சி நட்டுக் கட்டுங்கள், கடல்காற்று சாய்த்துவிடும். மல்லி மாதிரி மணத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.