பெண் தொழில்முனைவோருக்கு நெட்வொர்க்கிங் உண்மையில் உதவுமா? கூட்டத்தில் பேசக் கூச்சப்படுபவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

மதுரையில் பதினோரு வருடமாகப் பொடி வகைகள் செய்து விற்கிறேன். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, ரசப் பொடி. வீட்டு அடுப்படியில் வாரம் இரண்டு கிலோ என்று ஆரம்பித்தது. இப்போது வில்லாபுரத்தில் வாடகைக்கு ஒரு சின்னக் கட்டடம், என்னோடு நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கேள்வியில் 'கூச்சம்' என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

2016-இல் ஒரு ஓட்டல் ஹாலில் பெண் தொழில்முனைவோர் சந்திப்பு என்று 800 ரூபாய் கட்டிப் போனேன். புதிதாக அச்சடித்த விசிட்டிங் கார்டு நாற்பது கொடுத்தேன், ஏறக்குறைய அதே அளவு வாங்கி வந்தேன். ஒரு போன்கூட வரவில்லை. வாங்கி வந்த கார்டுகளில் யாரையும் நானும் கூப்பிடவில்லை. வந்த எல்லோரும் விற்க வந்தவர்கள். யாருக்கு என்ன தேவை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நெட்வொர்க்கிங் என்றால் இதுதான், இது எனக்கு வராது என்று அன்றைக்கு முடிவே செய்துவிட்டேன்.

அது தப்பு என்று தெரிய அடுத்த வருடக் கண்காட்சி வரை ஆயிற்று. ஐந்து நாள் கண்காட்சி. எனக்குப் பக்கத்து ஸ்டாலும் பொடிக் கடைதான். திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு அக்கா, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். முதல் நாள் காலை முழுக்க நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானம் அவராகவே வந்தார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே சரக்குதான். அதுக்காக மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அஞ்சு நாள் ஓட்ட முடியுமா? கடையைக் கொஞ்சம் பாத்துக்க, சாப்பிட்டு வந்துர்றேன்."

பார்த்துக்கொண்டேன். அவர் வருவதற்குள் அவருடைய பாக்கெட் ஆறு விற்றிருந்தது. காசை எண்ணிக் கொடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நீ நூறு கிராம் என்ன வெல போட்டிருக்க?"

35 ரூபாய் என்றேன். பில் புக்கின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதச் சொன்னார். உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாய் வத்தல், எள், பெருங்காயம், கேஸ், அரைவைக் கூலி, கவர், ஸ்டிக்கர், ஆட்டோ. கூட்டினால் ஒரு பாக்கெட்டுக்கு 27 ரூபாய். கடைக்காரருக்கு 25 சதவீதம் மார்ஜின் போனால் என் கைக்கு வருவது 26 ரூபாய் 25 காசு. கடைக்குப் போடும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முக்கால் ரூபாய் நட்டம். நேரில் விற்கும் லாபம் அதை மூடி மறைத்திருக்கிறது. வருடக்கணக்கில் எனக்கு அது தெரியவில்லை. அக்கா அத்தோடு விடவில்லை. "சரி, இதுல ஒன் கூலி எங்க?" என்றார். வறுத்தது, சலித்தது, அடைத்தது எல்லாம் நான்தான். அந்தக் கணக்கில் நான் எங்குமே இல்லை.

நம் வீடுகளில் சமையலுக்குக் கூலி கிடையாது. அந்தப் பழக்கத்தோடேயே தொழிலுக்கும் வந்துவிடுகிறோம். ஓட்டல் ஹாலில் மேடையேறிப் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. என் கணக்கைத் திருத்த என் தொழிலிலேயே இருக்கிற ஒருவர் வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் நெட்வொர்க்கிங் என்று சொல்வேன்.

"போட்டியாளரிடம் போய் ரேட்டைச் சொல்வதா? நம் பக்குவத்தைத் திருடிவிட்டால்?" என்று பலர் கேட்கிறார்கள். பக்குவத்தை யாரும் சொல்லச் சொல்லவில்லை. எத்தனை பங்கு உளுந்து, எந்தச் சூட்டில் வறுப்பது என்பதெல்லாம் உங்களோடு இருக்கட்டும். கொள்முதல் விலை, கடைக்காரர் கேட்கும் மார்ஜின், டேமேஜ் என்று சொல்லித் திருப்பி அனுப்பும் சரக்கு, எந்தக் கடையில் பணம் இழுக்கும் என்பதையெல்லாம் தாராளமாகப் பேசலாம். இவற்றை மூடி வைத்தால் லாபம் நமக்கு இல்லை, நமக்கு விற்பவருக்கும் நம்மிடம் வாங்குபவருக்கும்தான்.

ஆண்கள் இதைப் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மளிகை மொத்தக் கடைகள் இருக்கும் கீழமாசி வீதியில் காலையில் டீக்கடைப் பக்கம் நின்று பாருங்கள். வத்தல் என்ன விலைக்கு இறங்கியது, யார் செக் திரும்பியது, எந்த மில்லில் கூலி ஏறியது, எல்லாம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கை மாறிவிடும். நாம் அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருப்போம். பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போய் அவர்கள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவோம். நமக்குத் திறமை குறைவு என்பதல்ல, அந்த டீக்கடை நமக்கு இல்லை. அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் போட்டுக்கொண்டது ஒரு வாட்ஸ்அப் குரூப். இப்போது 14 பேர்: மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர். பொடி, வத்தல், ஊறுகாய், முறுக்கு, சத்துமாவு. காலை வணக்கம், சாமி படம், பார்வர்டு எதுவும் கூடாது என்பது முதல் நாளே வைத்த சட்டம். மத்தியானம் மூன்று மணிதான் எல்லோருக்கும் கை ஓயும் நேரம், அப்போதுதான் பேச்சு. முதல் ஆறு மாதம் விலை மட்டும்தான் பேசினோம். பிறகு ஒருநாள் சேர்ந்து வாங்கினால் என்ன என்று தோன்றியது. தனியாகப் போனால் நான் ஐந்து கிலோ, பத்து கிலோ மிளகாய் வத்தல் வாங்குகிறவள். ஒன்பது பேர் சேர்ந்தபோது ராமநாதபுரம் குண்டு மிளகாய் 150 கிலோ எடுத்தோம், ஈரோட்டு மஞ்சள் மூட்டையாகவே எடுத்தோம். அந்தப் பருவத்தில் வத்தலில் மட்டும் கிலோவுக்கு 18 ரூபாய் மிச்சம். மூட்டையை யார் வீட்டில் இறக்குவது, ஈரப்பதத்தில் எடை குறைந்தால் யார் தலையில் போடுவது என்று சண்டையும் வந்தது. சண்டைக்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டோம். இன்றுவரை அந்த நோட்டுதான் எங்களைக் காப்பாற்றுகிறது.

இனி வசூல். 2021-இல் ஒரு சூப்பர் மார்க்கெட் எனக்கு 1,85,000 ரூபாய் பாக்கி வைத்தது. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று ஏழு மாதம். என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனால் மட்டும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவரிடம் பேசுவார்கள். தொழில் என் பெயரில், பில் என் பெயரில், பதில் மட்டும் அவருக்கு. குரூப்பில் அழாத குறையாக எழுதினேன். விருதுநகரில் முறுக்குப் போடும் ஒரு தங்கை உடனே கேட்டாள்: "உத்யம் பதிவு இருக்காக்கா? சரக்கு கொடுக்குறதுக்கு முந்தியே எடுத்ததா?"

இருந்தது. உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. லோனுக்காக எடுத்து பீரோவில் வைத்திருந்தேன், அதற்கு வேறு பயன் உண்டு என்று தெரியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, நம்மைப் போன்ற குறுந்தொழில் செய்கிறவர்களிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுத்தால், இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்க மாநில அளவிலுள்ள கவுன்சிலுக்குப் போகும். நான் புகார்வரை போகவில்லை. சட்டத்தின் பெயர், பில் எண்கள், தேதிகள், வட்டிக் கணக்கு எல்லாம் போட்டு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதத்தை வார்த்தை வார்த்தையாகத் திருத்திக் கொடுத்தது அந்தத் தங்கைதான். இரண்டு தவணையில் பணம் வந்துவிட்டது. வட்டி வரவில்லை, நானும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற, பதிவு இல்லாத பெண்கள் இன்றைக்கே உத்யம் பதிவு எடுங்கள். அரசு இணையதளத்தில் முற்றிலும் இலவசம். பணம் கேட்பவர் இடைத்தரகர். சரக்கு போன பிறகு எடுத்த பதிவு பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்பி இருக்க முடியாது, அதனால்தான் அவசரம். 2024 முதல் வருமான வரியிலும் இதற்கு ஒரு பிடி வந்திருக்கிறது. கெடு தாண்டியும் நமக்குப் பணம் தராமல் நிதியாண்டைக் கடத்துபவர் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. இதைப் பணிவாகச் சொன்னாலே பல அக்கவுண்டண்டுகள் பைலைத் தேடி எடுப்பார்கள்.

ஊக்கமும் வேண்டுமே. என்னை நிமிர்த்திய சிலரைச் சொல்கிறேன். 1959-இல் பம்பாய் கிர்காமில் ஒரு கட்டட மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பள நிறுவனம். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்த பகுதி வேறு. முதல் வருடம் மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் தொழிலையே நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்த வருடம் ஒரு கட்டில் வாங்கி, அதன்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினார்கள். ஐப்பசி மழையில் வத்தல் காயாமல் வானத்தைப் பார்த்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கட்டிலின் அருமை தெரியும்.

1978-இல் சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். பூ, காய்கறி, இட்லி விற்ற பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று வங்கிக் கடன் வாங்கினார்கள், பிறகு தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கமே வைத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்பே, 1974-இல், அகமதாபாத்தில் எலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவில் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்கு போட்டு வங்கி தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விவசாயக் கூலி வேலை பார்த்தவர், கூலிக்காரப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நிலக்காரர்களிடம் பேரம் பேசியவர். பிறகு களஞ்சியம் சேமிப்புக் குழுக்களின் தலைவியானார். ஸ்த்ரீ சக்தி விருது வாங்க டெல்லி போனபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ. அவர் கையில் விசிட்டிங் கார்டு எதுவும் இருந்திருக்காது. இத்தனை பேருக்கு இன்ன கூலி என்று பத்துப் பெண்களுக்காகச் சேர்த்துப் பேசும் வாய் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. பெண் தொழில்முனைவோர் என்று தெரிந்ததும் இரண்டு வகை ஆட்கள் தேடி வருவார்கள். ஒருவர், "உங்களுக்குச் சாதனைப் பெண் விருது, பதிவுக் கட்டணம் 15,000" என்பார். இன்னொருவர், உங்கள் கீழே ஆறு பேரைச் சேர்த்தால் கமிஷன் என்பார். விருதுக்குக் கட்டும் காசில் ஒரு நல்ல சீலிங் மிஷினே வாங்கலாம். ஆள் சேர்ப்பதில் பறிபோவது நம் பெயர். சொந்தக்காரப் பெண்களிடம் சம்பாதித்து வைத்த நம்பிக்கையை அந்தக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்கிறோம்.

கூச்சத்துக்கு வருகிறேன். நூறு பேர் கூட்டத்தில் பேச எனக்கு இப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்கு அவசியமும் இல்லை. கூட்டத்துக்குப் போனால் ஒரே ஒருவரிடம் பேசிவிட்டு வருகிறேன், அதுவும் என்னைப் பற்றி இல்லை. "பவுச் எங்க வாங்குறீங்க, எத்தனைக்கு?" இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் அரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள், ஏனென்றால் அவர்களையும் யாரும் அதுவரை கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் அவருக்கு உபயோகமான ஏதாவது ஒன்றை அனுப்புவேன். ஒரு மில்லின் நம்பர், ஒரு கண்காட்சி அறிவிப்பு, அவ்வளவுதான். வங்கிக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் தனியாகப் போகாதீர்கள், இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி குறித்துக்கொள்ளலாம். "சார் வரலையா?" என்ற கேள்வியும் வராது.

போன வருடம் திண்டுக்கல் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். இரண்டு மாதம் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். தீபாவளி ஆர்டர் கையில் இருந்தது, விட்டால் அந்தக் கடைகள் வேறு ஆளிடம் போய்விடும். நாங்கள் ஆறு பேர் முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஆரப்பாளையத்தில் காலை ஆறு மணி பஸ். அவருடைய அடுப்படியிலேயே வறுத்து அடைத்தோம். முதல் நாள் போனபோது கட்டிலில் படுத்தபடியே தலையணைக்கடியிலிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். முப்பது வருடமாக மருமகளுக்குக்கூடச் சொல்லாத அளவுகள், பென்சிலில் எழுதியிருந்தது.

ஆர்டர் முழுவதும் போய்ச் சேர்ந்தது. கடைசி நாள் அந்தத் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தோம்.