சைலேஜ் குழி முதல் தொட்டி வரை: கேள்வி பதில்

ஐயா, மக்காச்சோளத்தை எந்தப் பதத்துல வெட்டணும்? கதிரை ஒடிச்சு வித்துட்டு தட்டையை மட்டும் போடலாமா? – நாமக்கல்

சைலேஜ் என்பது காற்றுப் புகாமல் அழுத்தி மூடி, புளிக்கவைத்துச் சேமிக்கும் பசுந்தீவனம். பச்சைத் தட்டையும் சைலேஜ் ஆகும். ஆனால் மாவுச்சத்து கதிரோடு போய்விடும். பால் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கறவை மாட்டுக்கென்றால் கதிரோடு வெட்டுங்கள்.

நாள் கணக்கைவிட மணியைப் பார்ப்பது நல்லது. கதிரை நடுவில் ஒடித்து மணியை நகத்தால் அழுத்துங்கள். வெளிப்பக்கம் பாதி மாவாக இறுகி, கதிரின் நடுத்தண்டுப் பக்கம் இன்னும் பால் இருந்தால் அதுதான் பதம். பெரும்பாலும் விதைத்த 80–90 நாளில் வரும். நறுக்கிய தீவனத்தில் ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டை மெல்லப் பிரிந்தால் ஈரம் சரி, சுமார் 65–70% இருக்கும். விரலிடுக்கில் சாறு வடிந்தால் ஈரம் அதிகம். பொலபொலவென உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் உள்ளே காற்று நிற்கும்.

கோ-5 புல்லை நறுக்கிக் குழியில போட்டேன். திறந்தா கருத்துப்போய் அழுகின நாத்தம். உப்பும் போட்டிருந்தேனே? – ஈரோடு

உப்பு இதற்குத் தீர்வு இல்லை. கோ-5 ஒரு நேப்பியர் ஒட்டுப்புல். இளம் நேப்பியரில் நீர் 80 சதவீதத்துக்கும் மேல், சர்க்கரையோ குறைவு. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிருக்குத் தீனி போதாமல் புளிப்பு ஏறவில்லை. அந்த இடைவெளியில் மண்ணோடு வந்த கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகிப் பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்கியிருக்கிறது; நாற்றம் அதனுடையது.

அடுத்த முறை புல்லை அறுத்து ஒரு பகல் வாடவிடுங்கள். மண் ஒட்டாமல் தூக்கி, 2 செ.மீ. அளவுக்கு நறுக்கி, டன்னுக்கு 20–30 கிலோ மொலாசஸை (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) அதே அளவு தண்ணீரில் கரைத்து அடுக்குக்கு அடுக்கு தெளியுங்கள். அரை அடி உயர அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் மிதித்த பிறகே அடுத்தது. ஓரங்களையும் மூலைகளையும்தான் ஆட்கள் விட்டுவிடுவார்கள்; கெடுவதும் அங்கிருந்துதான். இப்போது இருப்பதை மாட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழிக்குப் போகட்டும்.

5 கறவை மாடு இருக்கு. 10 டன் குழி வெட்டலாமா, மூட்டையா? – திருவண்ணாமலை

காற்றுப் புகாமல் கட்டும் பிளாஸ்டிக் மூட்டைதான், யோசிக்கவே வேண்டாம். குழியின் கொள்ளளவை எல்லோரும் பார்க்கிறார்கள், திறந்த முகத்தின், அதாவது தீவனத்தை வெட்டி எடுக்கும் பக்கத்தின், அளவைப் பார்ப்பதில்லை. நம் வெயிலில் முகத்திலிருந்து நாளுக்கு 15 செ.மீ.யாவது வெட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் பட்ட ஈஸ்ட் லாக்டிக் அமிலத்தைத் தின்று, தீவனம் சூடேறி, பின்னாலேயே பூஞ்சணம் வரும்.

மாட்டுக்கு 15 கிலோ என்றால் உங்களுக்கு நாளுக்கு 75 கிலோ. 2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரக் குழியில், கன மீட்டருக்கு 600 கிலோ என மிதித்திருந்தால், அது மூன்றரை செ.மீ. தடிப்புதான். கையை முகத்துக்குள் அரை அடி விட்டுப் பாருங்கள், கதகதவென்று சுடும். 20 மாடு இருந்தால் 300 கிலோ எடுப்பீர்கள், 2.2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரக் குழி சரியாக வரும். உங்களுக்கு 40 கிலோ மூட்டை நாளுக்கு இரண்டு. எலி கடித்த ஓட்டையை அன்றே டேப் போட்டு அடையுங்கள். 45 நாள் கழித்துப் பிரிக்கலாம்.

மேல மட்டும் வெள்ளைப் பூஞ்சணம். வழிச்சு எடுத்துட்டு மீதியைப் போடலாமா? – பொள்ளாச்சி

கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சணத்தோடு நச்சு நின்றுவிடாது. சுற்றிலும் ஒரு அடி ஆழம் தாராளமாக எடுத்து எறியுங்கள். அதற்கடுத்த பகுதி சூடில்லாமல், பழப்புளிப்பு வாசனையோடு இருந்தால் மட்டும் கொடுங்கள். மாடு தின்னும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சு, அஃப்ளாடாக்சின் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். குழந்தைகள் குடிக்கிற பால் அது.

சைலேஜ் ஆரம்பிச்ச வாரமே சாணம் இளகி, பால்ல கொழுப்பும் இறங்கிடுச்சு. – சேலம்

ஒரேயடியாக மாற்றியிருப்பீர்கள். இரைப்பையில் அமிலம் ஏறிவிட்டது. 3 கிலோவில் தொடங்கி 10 நாளில் 15 கிலோவுக்குக் கொண்டுபோங்கள். தினமும் 2–3 கிலோ வைக்கோல் முதலில் போடுங்கள், அசை போட அது வேண்டும். அடர்தீவனத்தில் 100 கிராம் ஆப்பசோடா சேர்க்கலாம். மாடு தீனியெடுக்காமல் சோர்ந்து படுத்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மக்காச்சோள சைலேஜில் புரதம் 8 சதவீதம் அளவில்தான், சுண்ணாம்புச் சத்தும் குறைவு. வேலிமசால் தழையோ புண்ணாக்கோ, கூடவே தாது உப்புக் கலவையோ இல்லாமல் பாலை அது தனியாகத் தாங்காது.

சினை மாட்டுக்குக் கொடுத்தா கன்னு வீசிடும்னு சொல்றாங்களே? – தேனி

நல்ல சைலேஜால் வீசாது. புளிப்பு ஏறாமல் கெட்டதில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா வளரும். கருச்சிதைவுக்கு அது காரணமாகலாம். 3 மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு மட்டும் வேண்டாம், இரைப்பை இன்னும் தயாராகியிருக்காது.

பால்ல சைலேஜ் வாடை அடிக்குதுன்னு திருப்பி அனுப்புறாங்க. – திண்டுக்கல்

கறந்த பிறகு கொடுங்கள். மிச்சத்தைத் தொட்டியில் விடாமல் அடுத்த கறவைக்கு முன் கூட்டி எடுத்துவிடுங்கள்.