அப்பாவின் குறிப்பேடுகளைக் காப்பகத்துக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: என் அப்பா தமிழாசிரியர். ஓய்வுக்குப் பின் எங்கள் வட்டாரக் கோயில்கள், ஊர்ப்பெயர்கள் பற்றித் தகவல் திரட்டினார். நூலாக்கும் முன்பே காலமாகிவிட்டார். நோட்டுகள், துண்டுச் சீட்டுகள், கல்வெட்டு மைப்படிகள் (கல்லெழுத்தின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படிகள்), ஒலிநாடாக்கள், சிடிக்கள் என ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. எப்படி ஒழுங்குபடுத்தி, எங்கே கொடுப்பது?

பதில்: முதலில், ஒழுங்குபடுத்தாதீர்கள். நோட்டு ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கிவிட்டால் பாதித் தகவல் போய்விடும். கல்வெட்டுத் தொகுதி நூல் ஒன்றின் நடுவே 'இந்த வரி நேரில் வேறாக இருக்கிறது' என்று ஒரு சீட்டு இருக்கலாம். அதை உருவிவிட்டால் எந்தக் கல்வெட்டு, எந்த வரி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தட்டு தட்டாகப் படம் எடுங்கள். இருந்த வரிசையிலேயே பெட்டிக்கு மாற்றுங்கள். எண்ணிட வேண்டுமானால் மெல்லிய பென்சிலால், ஓரத்தில் மட்டும்.

ரப்பர் பேண்டை அகற்றுங்கள். நாளானால் உருகித் தாளில் ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுத்தால் தாள் கிழியும். அதன் கால்களை நிமிர்த்திவிட்டு எடுக்க வேண்டும். கிழிசலுக்கு செலோடேப் கூடாது: பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். கடை லேமினேஷன் அதைவிட மோசம், பிரிக்கவே முடியாது. ஈரம் பட்டதை வெயிலில் காயப்போடுவது நம் வீடுகளில் பழக்கம். மை வெளுத்துத் தாள் முறுகும். நிழலும் மின்விசிறியும் போதும். மைப்படிகளை மடித்தால் மடிப்பிலேயே எழுத்து உதிரும். அகலக் குழாயில் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

தாளில் புதுத் துளையும் தூளும் தெரிந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்துருண்டை அதைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம். அந்தத் தாள்களைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீஸரில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். புகைப்படம், ஒலிநாடாவுக்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

ஸ்கேன் செய்வதானால் வண்ணத்தில், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி); பென்சில் எழுத்துக்கு 400. சிவப்பு மையில் பின்னாளில் செய்த திருத்தம் கறுப்பு வெள்ளையில் தனித்துத் தெரியாது. சீட்டின் பின்புறத்தையும் விடாதீர்கள்: கல்யாணப் பத்திரிகையின் முதுகில் எழுதியிருந்தால், அந்தக் குறிப்பு எந்த ஆண்டுக்கு முற்பட்டதல்ல என்று தெரிந்துவிடும். மூலப்படி, தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். கோப்புக்குப் பெட்டி, நோட்டு, பக்கம் என்று எண்ணே பெயர்: 03-02-045.

சிடியில் இருப்பதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு இன்று திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கெட்டுவிட்டதென்று அழிக்காதீர்கள். இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய படியோடு மூலக் கோப்பையும் எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வையுங்கள். ஒலிநாடாவின் மேல்விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தாழ்களை ஒடித்துவிட்டால் தவறிப் பதிவு ஏறாது.

இடம்: சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவரின் சொந்தச் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவான நிறுவனம் அது. இலங்கை தொடர்பானவை என்றால், 'நூலகம்' என்ற இணைய நூலகத்தை நடத்தும் நூலக நிறுவனம் மின்வடிவில் ஆவணப்படுத்துகிறது. பெட்டியோடு போய் நிற்காமல், முதலில் இரண்டு பக்கப் பட்டியல் அனுப்புங்கள்: எத்தனை பெட்டி, எந்த ஆண்டுகள், எந்த ஊர்கள். எங்கும் கிடைக்கும் அச்சு நூல்களை எடுக்கத் தயங்குவார்கள். அப்பாவின் ஓரக்குறிப்பு உள்ள பிரதிகளைத் தனியே குறித்துச் சொல்லுங்கள்.

கொடைக் கடிதம் இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். தாளைக் கொடுப்பது வேறு, பதிப்புரிமையைக் கொடுப்பது வேறு. ஆசிரியர் இருக்கும்போதே வெளியான எழுத்துக்கு இந்தியாவில் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் உரிமை. மறைவுக்குப்பின் முதன்முதலாக வெளியாவதற்கு அந்த 60 வெளியீட்டிலிருந்து கணக்காகும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அப்பாவுக்கு வந்த கடிதங்களின் தாள்தான் உங்களுடையது, எழுத்துரிமை எழுதியவருக்கு. இணையத்தில் ஏற்றலாமா, குடும்பச் சங்கதிகள் உள்ள கட்டுகளை எத்தனை ஆண்டு மூடிவைப்பது, வேண்டாதவற்றைத் திருப்பித் தருவார்களா என்பதும் கடிதத்திலேயே இருக்கட்டும். பெட்டி எண்வாரியான பட்டியலில் இரு தரப்பும் ஒப்பமிட்ட பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.