பட்டம் முடித்துவிட்டேன், "பேக்கிங்" இல்லை. வேலைக்கு அறிமுகங்களைத் தேடிப் போவது கெஞ்சுவது ஆகாதா?

மொரீசியஸில் கணக்கியல் படித்துவிட்டு எட்டு மாதமாக வேலை தேடுவதாகவும், முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேசுவது கெஞ்சுவது போல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் "கெஞ்சுவது" என்ற சொல்லைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

மற்ற ஊர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் தீவில் "பேக்கிங்" என்றால் பின்னால் நின்று தாங்கும் பெரிய கை. அமைச்சருக்கு வேண்டியவர், மேலாளரின் மைத்துனர், இப்படி யாராவது. வேலை கிடைக்காதவனும் அந்தச் சொல்லைச் சொல்வான். கிடைத்தவனைப் பார்த்து ஊரும் அதையே சொல்லும்.

நான் 2012-இல் ரெடுயியில் உள்ள மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் இதே கணக்கியலை முடித்தேன். உங்கள் வீட்டிலும் இப்போது சாப்பாட்டு நேரத்தில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அறுபதுக்கு மேல் விண்ணப்பம் அனுப்பினேன். நான்கு பதில்கள் வந்தன, நான்கும் "வருந்துகிறோம்". ஒரு நாள் மாலை ரோஸ் ஹில்லில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். நல்ல மழை. சாலையோரத்தில் ஒரு மக்கள் பிரதிநிதியைப் பார்க்க வரிசை நின்றது. அந்த வரிசையில் அப்பா. தொடக்கப் பள்ளியில் முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக் கொடுத்தவர். என் சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் உறையை, நனையாமல் இருக்கச் சட்டைக்குள் செருகி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார். அவருக்கு முன்னால் நின்றவர்களில் இருவர் அவருடைய பழைய மாணவர்கள். வீட்டுக்கு வர இரவு எட்டு மணி ஆயிற்று. "வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அங்கிருந்து யாரும் இன்றுவரை கூப்பிடவில்லை.

கெஞ்சுவது என்றால் எனக்கு அதுதான். இனி நான் சொல்லப்போவது அது அல்ல.

2013-இல் தைப்பூசக் காவடி ஜனவரி 27 அன்று வந்தது. பத்து நாள் விரதம். முந்தின நாள் இரவு கோவில் மடைப்பள்ளியில் ஏழு கறிக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பலாக்காய் என் பங்கு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டாலும் பால் கத்தியை விடாது. இரண்டு துண்டுக்கு ஒரு முறை துடைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் கோவிலில் பார்க்கிற ஒரு தாந்தின். எங்கள் ஊரில் அத்தை, சித்தி எல்லாரும் தாந்தின்தான். போர்ட் லூயியில் சுங்கத் தீர்வை முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார் என்று மட்டும் தெரியும்.

"எனக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள்" என்று வாய்வரை வந்தது. அப்பா நின்ற வரிசை நினைவுக்கு வந்தது. அதற்குப் பதிலாக, "உங்கள் மேசையில் காலையிலிருந்து மாலைவரை என்ன நடக்கும்?" என்று கேட்டேன். கிரியோலில்தான் பேசினோம். அவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. ஒரு பொருளைத் தவறான வகை எண்ணில் பதிந்தால் தீர்வை எப்படி மாறும், தாள் சரியாகாத கொள்கலன் துறைமுகத்தில் கிடந்தால் வாடகை நாளுக்கு நாள் எப்படி ஏறும் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் ஒன்று சொன்னார்: "கணக்கு படித்தவர்கள் நிறைய வருகிறார்கள். ஒரு பில்லை இன்னொரு பில்லோடு ஒத்துப்பார்க்கும் பொறுமை உள்ளவர்களைத்தான் காணவில்லை."

காவடி முடிந்த வாரம் அன்னதானக் கணக்கை நான் பார்த்துத் தருகிறேன் என்று கோவில் செயலாளரிடம் கேட்டேன். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகளைக் கொடுத்தார். பாதியில் மஞ்சள் கறை. மூன்று இரவு உட்கார்ந்தேன். பூசணிக்காய்க்கு ஒரே ரசீது இரண்டு முறை ஏறியிருந்தது. அரிசி, காய், வாழையிலை, எரிவாயு என்று பிரித்து ஒரே பக்கத்தில் அடக்கினேன். தாந்தினுக்கு நன்றி எழுதி, அந்தப் பக்கத்தின் நகலையும் அனுப்பினேன். என் சுயவிவரத்தில் "கடினமாக உழைப்பவள்" என்ற வரியை அடித்துவிட்டு இந்தக் கணக்கைப் பற்றி இரண்டு வரி எழுதினேன்.

மார்ச்சில் அவர் கூப்பிட்டார். "ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் ஓர் இடம் வரும். விளம்பரம் பிரெஞ்சில், கடிதத்தையும் பிரெஞ்சிலேயே எழுது." அவ்வளவுதான். நேர்முகத்துக்கு என்னோடு மூன்று பேர் வந்திருந்தார்கள். என்னிடம் இருபது நிமிடம் பூசணிக்காய் ரசீதைப் பற்றியே கேட்டார்கள். வேலை கிடைத்தது.

"இதுவும் பேக்கிங்தானே" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். இல்லை. தாந்தின் என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்டதும் இல்லை. அதே கேள்வியை நீங்கள் கேட்டிருந்தாலும் அவர் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். எல்லா இடத்திலும் நேர்மை நடக்கிறது என்று நான் சொல்லவும் இல்லை. குடும்பப் பெயரைப் பார்த்தே கதவு மூடுகிற இடங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தத் தாந்தின்போல் எப்போதாவது பார்ப்பவர்கள் வழியாகத்தான் வேலை அதிகம் வருகிறது என்று காட்டியது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டதில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6, அபூர்வமாகச் சந்தித்தவர்கள் 27.8. உற்ற நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை பார்ப்பவருக்குத்தான் வேறு உலகம் தெரியும். ஆகவே பழைய பேராசிரியர், மாமாவோடு பந்தாடுகிறவர், இரண்டு ஆண்டு முன்னால் படித்துப் போனவர் என்று பெயர்களை எழுதுங்கள். இருபது நிமிடம் கேளுங்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது செய்துவிட்டு, செய்தேன் என்று எழுதுங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

நன்னடத்தைச் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து வையுங்கள். அதற்கு முன் உங்கள் பெயர் எல்லாத் தாள்களிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். என் வயிற்றெரிச்சல் இதில்தான். எங்கள் முன்னோர் கப்பலில் இறங்கிய காலத்தில் தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். "முத்து" அப்பாவின் தாளில் நான்கு "ஓ" போட்டு இருக்கிறது, என் தாளில் இரண்டு "யூ" போட்டு. ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர்! வேலை உறுதியான பிறகு, நான் என் அப்பாவின் மகள்தான் என்று சத்தியக் கடிதம் கொண்டுவரச் சொன்னது ஓர் அலுவலகம். எழுத்தைப் பிழையாக எழுதியவர் ஒருவர், அதற்கு ஐந்து தலைமுறை கழித்து விளக்கம் சொல்ல வேண்டியவர் நானா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களுக்கு எந்தத் துறை வேண்டும் என்று எழுதவில்லை. எபேனில் இருக்கும் நிதி நிறுவனங்கள் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. துறைமுகம், சரக்கு, சுங்கம் என்றால் எனக்கு எழுதுங்கள், ஒரு சனிக்கிழமை பேசலாம். வேலை வாங்கித் தர என்னால் முடியாது. என் மேசையில் காலையிலிருந்து மாலைவரை என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.