உறக்கம் வராத தாதிச் சகோதரிக்கு

அன்புச் சகோதரி, 2021 இல் கொரோனா விடுதியில் கடமையாற்றியபோது, உறவினர் முகம் காணாமலே இறந்துகொண்டிருந்த ஒரு முதியவரின் கையை விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடியது இன்றும் உங்கள் உறக்கத்தைக் கெடுப்பதாகவும், இது பலவீனமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

பலவீனம் அல்ல. வெறும் களைப்பாக இருந்தால் ஓய்வில் தணிந்திருக்கும். செய்யவேண்டியது எது என்று தெரிந்தும், ஆளும் நேரமும் போதாமல் அதைச் செய்ய முடியாதுபோகும்போது மனச்சாட்சியில் விழும் காயத்தை, களைப்பிலிருந்து வேறான ஒன்றாகவே உளமருத்துவத் துறையினர் பேசுகிறார்கள். வாய்க்கரிசி போடவும் வீட்டாருக்கு வழியில்லாதிருந்த அந்த நாட்களில், எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்து ஊர் கூடி ஆற்றவேண்டிய துக்கம் உங்களிடமே தங்கிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அவருடைய கையைப் பிடித்திருந்தவரும் நீங்கள்தானே!

இத்தனை காலம் நீடிக்கும் உறக்கமின்மைக்கு நீங்களாகவே தூக்க மாத்திரை எடுக்காமல், தயவுசெய்து ஓர் உளமருத்துவரைச் சந்தியுங்கள். சக ஊழியர்கள் அறிந்துவிடுவார்கள் என்ற கூச்சம் இருந்தால், வேலை செய்யும் இடத்தைத் தவிர்த்து, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உள்ள உளமருத்துவப் பிரிவுக்குச் செல்லலாம். நள்ளிரவில் மனம் தாங்காவிட்டால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.