முன்மாதிரி என்ற சுமை: உங்கள் கேள்விக்கு

வணக்கம் ஐயா. மதுவை விட்டுப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் குடிக்கும் வேட்கை திரும்பியிருப்பதையும், குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) அமைப்பின் கூட்டத்திற்குப் புதிதாக வருவோர் உங்களையே நம்பியிருப்பதால் அதை எவரிடமும் சொல்ல இயலாமல் தவிப்பதையும் எழுதியிருந்தீர்கள். வேட்கையைவிட அந்த மௌனமே எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

1935இல் இந்த அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், ஆயிரக்கணக்கானோர் தம்மை வழிகாட்டியாகக் கருதிய 1940களில் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி, மனநல மருத்துவர் ஹாரி டீபோவிடம் சிகிச்சை பெற்றார். பின்னர் 1958இல் அமைப்பின் இதழிலேயே தம் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். தலைவர்கள் நம்பிக்கைக்குரிய பணியாளர்களே, ஆள்பவர்கள் அல்லர் என்கிறது அமைப்பின் வழிகாட்டு நெறிகளான பன்னிரு மரபுகளில் இரண்டாவது. எனவே பழுதற்றவராகத் தோன்றும் கடமை உங்களுக்கு எங்கும் விதிக்கப்படவில்லை.

நீண்டகாலம் குடிக்காதவருக்கு வேட்கையே வராது என்று நம்பும் புதியவர், தமக்கு அது வரும்போது தாம் தோற்றுவிட்டதாக எண்ணி ஒதுங்கிவிடக்கூடும்; உங்கள் உண்மை அவருக்கும் தேவை. ஆனால் அவரிடம் சொல்வது பிறகு இருக்கட்டும். அமைப்பில் உங்களுக்குத் துணைநின்று வழிகாட்டும் உறுப்பினரான உங்கள் ஸ்பான்சரை இன்றே அழையுங்கள். உறக்கமின்மையும் சோர்வும் இருப்பதாக எழுதியிருப்பதால் மருத்துவரையும் பாருங்கள். அடுத்த மாத ஆண்டுவிழா உரையை இம்முறை வேறொருவர் ஏற்கட்டும்.